அதேதான், சீஃப்

திரையில் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ரொமேல் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

பன்னிரண்டு தொட்டிகள், பன்னிரண்டு எண்கள். தொட்டியின் கூரைக்கும் எண்ணெய்க்கும் நடுவே இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை நொடிக்கொரு தரம் குறைத்துக் காட்டிக்கொண்டே இருந்தது கணினி.

ஹூஸ்டன் துறைமுகத்தில் மதியம் மூன்று மணி. கரையிலிருந்து கப்பலுக்கு எண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் கப்பலின் தலைமை அதிகாரி என்று பெயர்தான். முப்பது மணி நேரமாகக் கட்டுப்பாட்டு அறையின் இந்த நாற்காலியில்தான் குடித்தனம். மேசையில் அடோபோ கறியும் சோறும் தொடாமல் காய்ந்து கிடந்தன. காலையிலிருந்து காரணமே இல்லாமல் அலறிக்கொண்டிருந்த எச்சரிக்கை மணியை, தலைவலி தாங்காமல் அவனேதான் அடக்கி வைத்திருந்தான்.

மேல்தளத்தில் வெயிலில் நின்றார் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெமேசியோ. மணிக்கொரு தரம் ரொமேல் வாக்கி டாக்கியில் திரையின் எண்ணைச் சொல்வான். அவர் தொட்டிக்குள் அளவு நாடாவை இறக்கிப் பார்த்துவிட்டு, "அதேதான், சீஃப்" என்பார். அதைக் கேட்டால்தான் ரொமேலுக்கு நிம்மதி.

இந்த முறை ஒரு கொட்டாவி குறுக்கே வந்தது. எண்ணைச் சொல்ல மறந்துவிட்டான்.

"நெமேசியோண்ணே, நாலாம் நம்பர் தொட்டி, வலது பக்கம். எவ்வளவு இருக்கு?"

கரகரப்பு மட்டும் கேட்டது.

"என்னண்ணே, வெயில்ல கருவாடா ஆயிட்டீங்களா?"

"திரையில எவ்வளவு காட்டுது, சீஃப்?"

"நீங்க சொல்லுங்கண்ணே."

மறுபடியும் கரகரப்பு.

ரொமேல் திரையில் அந்தத் தொட்டியின் எண்ணைப் பார்த்தான். இரண்டு மீட்டர் நாற்பது. பக்கத்து எண்களெல்லாம் துடித்துக்கொண்டிருக்க, அது மட்டும் அசையவில்லை.

எப்போதிலிருந்து அசையவில்லை என்று அவனுக்குத் தெரியவில்லை.

கரையை அழைத்து, "நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க!" என்று கத்திவிட்டு, மேல்தளத்துக்கு ஓடினான்.

நெமேசியோ நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். ரொமேல் அதைப் பிடுங்கித் தொட்டிக்குள் இறக்கினான். எண்ணெயைத் தொட்டதும் கருவி கீச்சிட்டது. குனிந்து நாடாவின் அளவுக்கோட்டைப் படித்தான்.

முப்பது சென்டிமீட்டர்.

இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எண்ணெய் வழிந்து, கப்பல் நின்ற கால்வாயே கறுத்திருக்கும். கரையிலிருந்து ஏன் நிறுத்தச் சொன்னீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரொமேல் சூடான குழாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எண்ணெயைத் தொட்டா சத்தம் வருதுல்ல, அது கேக்குது சீஃப். கோடுதான் தெரிய மாட்டேங்குது" என்றார் நெமேசியோ. "சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த வயசுல மறுபடி யாரு கப்பல் ஏத்துவா?"

"எத்தனை நாளா அண்ணே?"

அவர் எங்கோ கிரேன்கள் இருக்கும் பக்கமாகப் பார்த்தார்.

"எட்டு மாசமா."

ரொமேல் இந்தக் கப்பலில் ஏறி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.