பகடை வேண்டாம், பேசுங்க

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. அக்கா கதை சொன்னாள். தம்பி அழைத்து வந்த நண்பர் திருடனாக நடித்தார். யாரையாவது நம்ப வைக்க வேண்டுமென்றால் வாயே திறக்காமல் பகடையை உருட்டினார். பெரிய எண் விழுந்தால் எதிராளி நம்பிவிட்டதாகக் கணக்கு; அவருக்கு எப்போதும் பெரிய எண்ணே விழுந்தது.

அக்காவுக்குச் சந்தேகம். "பகடையைக் கீழ வைங்க. நான்தான் காவலாளி. திருடலைன்னு பேசியே நம்ப வைங்க."

"விடுக்கா, அவருக்குக் கூச்சம்," என்றான் தம்பி.

அவள் விடவில்லை. நண்பர் தயங்கித் தயங்கிப் பேசி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"நீங்கதான் திருடினீங்கன்னு தெரிஞ்சும் நம்பிட்டேனே! எங்க கத்துக்கிட்டீங்க?"

"தொழில்மா. நான் வக்கீல்."

அக்கா மெல்லத் தம்பி பக்கம் திரும்பினாள். திருட்டு வழக்கிலிருந்து போன மாதம்தான் அவன் விடுதலையாகியிருந்தான்.

"கோர்ட்டுக்கு என்னை ஏன்டா வரவிடல?" என்றாள்.