நின்று நின்று ஓடிய டிராக்டர்

"அலோ, மெக்கானிக் இருக்காருங்களா?"

"நான்தான் மெக்கானிக். சொல்லுங்க."

பெண்குரலைக் கேட்டதும், ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடும் அவன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டான். நம்பர் சரிதான். டிராக்டரின் மட்கார்டில் 'எந்த நேரமும் பழுது பார்க்கப்படும்' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் போட்டான். பெண் எடுப்பாள் என்று அதில் போடவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, ஒரு சின்ன டிராக்டர். கொஞ்ச தூரம் நல்லா ஓடுது, அப்புறம் மூச்சு முட்டின மாதிரி திணறி நின்னுடுது. சும்மா விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணா மறுபடி ஓடுது. திரும்பவும் அதே கதை."

"டீசல் இருக்கா?"

"முள்ளு முக்காலுக்கு மேலேயே நிக்குதுக்கா."

"அப்போ டீசல் இன்ஜினுக்கு வந்து சேரலே. என்ன அவசரம்? நாளைக்குக் கொண்டாங்களேன்."

"ஐயோ, நாளைக்கா!" ஒல்லி திரும்பிப் பார்த்தான். கூப்பிடு தூரத்தில் படகுத்துறை. வண்டி வாகனங்களை ஏற்றிப்போகிற அந்தப் பெரிய படகுக்கு இன்றைக்கு இதுதான் கடைசி நடை. படகுக்காரன் ஏற்கெனவே ஹாரன் அடித்துவிட்டான். டிராக்டர் இதில் ஏறி அக்கரை போகாவிட்டால் ஒல்லி தொலைந்தான். தள்ளியும் பார்த்தாகிவிட்டது, மேட்டில் ஏறுவேனா என்கிறது.

விஷயத்தைச் சொன்னான்.

"சரி, பதறாதீங்க. மொதல்ல அந்த டேங்க் மூடியை... இருங்க, ஸ்பேனர் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

ஒல்லி தன் மச்சானைப் பார்த்தான். பெண்டாட்டியின் அண்ணன். உதவிக்கு வந்தவன் என்று பெயர், வந்ததிலிருந்து திரும்பித் திரும்பி ரோட்டைப் பார்ப்பதைத் தவிர ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை. "மச்சான், சீட்டுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கு பாரு!"

மச்சான் பெட்டியைக் கவிழ்த்தான். "ரெண்டு ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய்த் துணி. இதென்னடா, பல்லு போன ஒரு பச்சை சீப்பு! இன்ஜினுக்குத் தலை வாரி விடுவாங்களோ?"

ஒல்லி அதை அப்படியே ஃபோனில் ஒப்பித்தான். மறுமுனையில் நாற்காலி இழுபடுகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி." குரலில் திடீரென்று தேன் ஒழுகியது. "நான் சொல்ற மாதிரியே செய்யணும், சரியா? டேங்க் மூடியை மட்டும் தொடாதே. தூசி விழுந்தா பம்பே போயிடும்."

"தொடலேக்கா."

"ஃபில்டர் மேல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், கழட்டு. டீசல் வருதா?"

"சொட்டுக்கூட வரலேக்கா!"

"அப்படின்னா அதை எடுத்து வச்சுட்டு ஃபில்டரையே கழட்டிடு. பக்கத்துல ஒரு குழாய் போகும் பாரு, அதோட நட்டையும் கழட்டு. எல்லாத்தையும் நல்லாத் துடைச்சு வெயில்ல காய வை."

"காய வைக்கணுமா?"

"டீசல்ல தண்ணி கலந்திருக்கும்பா. ஈரம் போக வேணாமா?"

ஒல்லி கழற்றினான். முழங்கை வரை டீசல். நட்டு ஒன்று வழுக்கிப் புல்லுக்குள் விழ, மச்சான் மண்டியிட்டுத் தேடினான். படகு மறுபடியும் ஹாரன் அடித்தது. ஒல்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா, படகு கெளம்பப் போகுதுக்கா! என் பொழப்பே போயிடும்!"

"கவலைப்படாதே. எந்த எடத்துல நிக்கிறே? நானே வந்து ஒரு நொடியில ஓட வச்சுக் காட்டறேன்."

"படகுத்துறை வளைவுலக்கா!"

மச்சான் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினான். "எடத்தை ஏன்டா சொல்றே?"

"வந்து சரி பண்ணித் தரேங்கிறாங்க. உனக்குத் தெரியுமா நட்டு மாட்ட?"

மச்சானுக்குத் தெரியாது. மறுபடியும் ரோட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் மெக்கானிக். நல்ல வாட்டசாட்டம். கையை மடித்துவிட்ட ஆண்பிள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ். ஒல்லி கையெடுத்துக் கும்பிட்டான். "தெய்வம் மாதிரி வந்தீங்க! படகு இன்னும் நிக்குதுக்கா!"

அவள் குனிந்து, காயப்போட்டிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, மளமளவென்று மாட்டினாள். பின்னாலேயே ஒரு ஜீப் வந்தது. படகுக்குப் போகிற ஜீப்பாக்கும் என்று ஒல்லி ஒதுங்கி வழிவிட்டான். அது போகவில்லை, நின்றது.

அவள் டேங்கின் மூடியைத் திருகினாள். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. பம்பின் கைப்பிடியை நாலு அழுத்து அழுத்தி, காற்றை வெளியேற்றி, ஸ்க்ரூவை முறுக்கி, ஸ்டார்ட் செய்தாள். டிராக்டர் தடதடவென்று ஓடியது.

"அட! மூடியிலதான் கோளாறா?" ஒல்லி குதித்தான்.

"கோளாறு இல்லே தம்பி. மூடியில காத்துப் போக ஒரு ஓட்டை உண்டு. அது அடைஞ்சா டீசல் எறங்காது. வண்டியை நிறுத்தறப்பல்லாம் நான்தான் அதுல சோப்பை அடைச்சு வைப்பேன்" என்றவள், கீழே கிடந்த தன் பச்சை சீப்பை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஜீப்பிலிருந்து இறங்கிய காக்கிச் சட்டையிடம் திரும்பினாள். "சார், என் கடை வாசல்ல நின்ன என் வண்டியைத் தூக்கிட்டுப் போய், ரிப்பேருக்கு எனக்கே ஃபோன் போட்ட மகராசனுங்க இவங்கதான்!"