பின்சுவர் விளக்கு

அநியாயம் நடந்தது ஆந்தைக்கு. செய்தது அடுத்த வீட்டு டெய்லர் அத்தை. கண் கூசும் வெள்ளை ஃபோகஸ் லைட் ஒன்றை வாங்கித் தன் வீட்டுப் பின்சுவரில் மாட்டி, அதன் மூஞ்சியை நேராக ஆந்தையின் கொல்லைப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

ராத்திரியெல்லாம் விழித்திருப்பதால் வீட்டில் வைத்த பெயர் ஆந்தை. கல்லூரியில் படிக்கிறாள். டெலஸ்கோப்பில் கேமராவைப் பூட்டி நெபுலாவைப் படம் பிடிப்பதில் பைத்தியம். நட்சத்திரங்களுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாகப் புகைந்து கிடக்கும் வாயு மேகம் அது. வெறும் கண்ணுக்கு அந்த நிறமெல்லாம் தெரியாது. ஒரே இடத்தைப் பல இரவுகள் எடுத்து, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் நிறம் எழும்பி வரும்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் வானமே வெளுத்துப்போன புறநகர். அதைக்கூட ஃபில்டர் போட்டுச் சமாளித்துவிட்டாள். அத்தையின் லைட்டுக்கு எந்த ஃபில்டரும் எடுபடவில்லை.

அப்பாவைச் சமாளித்தது அதைவிடப் பெரிய கதை. பொம்பளைப் பிள்ளை ராத்திரியில் தனியாக வெளியே நிற்பதா என்று குதித்தவரிடம், நம் வீட்டுக் கொல்லை எப்படி 'வெளியே' ஆகும் என்று மாதக்கணக்கில் வாதாடித்தான் அனுமதி வாங்கியிருந்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை.

"ஏதாவது ஒண்ணுன்னு என் காதுக்கு வந்துச்சு, அன்னிக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டிடணும்."

அத்தையிடம் சண்டைக்குப் போனாள். அத்தை தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

"கொஞ்சம் அந்தப் பக்கமாவது திருப்புங்களேன் அத்தை."

"இருந்துட்டுப் போகட்டும்மா. எனக்கு இருட்டுன்னா பயம்."

"உங்க பயத்துக்கு எங்க கொல்லை எதுக்கு வெளிச்சமா இருக்கணும்?"

அத்தை மிதியை அழுத்தினாள். மெஷின் கடகடத்தது. அது இன்னொரு தொல்லை. ஆந்தை கொல்லையில் இருக்கிற வரைக்கும் அந்தச் சத்தம் ஓயாது. அவள் உள்ளே போனால்தான் நிற்கும். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அம்மாவிடம் பொருமினாள்.

அந்த வாரம் அத்தை தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. லைட் மட்டும் ஜோராக எரிந்தது. இருட்டுக்குப் பயந்தவள் ஊரிலேயே இல்லை, பிறகு யாருக்காக எரிகிறதாம்? ஆந்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய நெபுலா மேற்கே சரிந்து, சந்துப்பக்கத்துச் சுவருக்குச் சற்று மேலே நின்றது. இதை விட்டால் அடுத்த வருடம்தான்.

துணி காயப்போடும் கம்பால் ஒரு கறுப்புப் போர்வையைத் தூக்கி லைட்டின்மேல் போட்டாள்.

அப்பாடா, இருட்டு.

முதல் படத்தில் லேசாகச் சிவப்பு கசிந்தது. ஆந்தை லாப்டாப்பைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த படத்தின் கீழ் மூலையில் வெள்ளையாக ஒரு தீற்றல். அதற்கடுத்த படத்தில் அது இன்னும் பெரிதாக இருந்தது.

தீற்றல் புதிதல்ல. முன்பெல்லாம் அடிக்கடி விழும். சந்தில் போகிற வண்டி வெளிச்சம் என்று அந்தப் படங்களைக் கழித்துக்கட்டிவிடுவாள். இப்போதுதான் உறைத்தது: அந்தச் சந்தில் சைக்கிள்கூட நுழையாது.

மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

சுவருக்கு மேலே ஒரு செல்போன் வெளிச்சம். அதற்குப் பின்னால் ஒரு ஆணின் தாடை. வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தது.

"அப்பா" என்று கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் நாளையிலிருந்து டெலஸ்கோப் பரணில். அந்த நேரத்திலும் அந்த நினைப்புத்தான் வாயை அடைத்தது. சுவரிலிருந்து காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

ஏறுகிறான்.

கம்பு காலடியில் கிடந்தது. எடுக்கக் குனிய வேண்டும். குனிந்தால் சுவரைப் பார்க்க முடியாது. கண்ணை அகற்றாமல், முழங்காலை மடக்கி, தடவித் தடவி எடுத்தாள். முதல் வீச்சு காற்றில் போயிற்று. இரண்டாவதில் போர்வை சிக்கிக் கீழே விழுந்தது.

கொல்லை பட்டப்பகலானது. சுவரில் ஒரு காலை இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தவன், கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சந்துக்குள் குதித்து ஓடினான்.

உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டு, கழித்துப்போட்ட பழைய படங்களையெல்லாம் திறந்து பார்த்தாள். அத்தை லைட் மாட்டுவதற்கு முன்னால், வாரக்கணக்காக, அதே மூலையில் அதே தீற்றல். லைட் வந்த பிறகு ஒன்றில்கூட இல்லை.

அத்தை திரும்பி வந்த அன்றே போய் நின்றாள். மெஷினில் ஒரு கந்தல் துணி. அதன்மேல் தையலுக்கு மேல் தையலாக, இடமே இல்லாமல், சும்மா ஓட்டிய வரிகள்.

"சந்துல ஒருத்தன் வந்து நிக்கிறான்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அத்தை?"

"உன்கிட்ட சொன்னா நீ சும்மா இருப்பியா? சந்துல நின்னு நியாயம் கேட்பே. உங்கப்பா காதுக்குப் போகும்."

"போகட்டுமே. தப்பு அவனோடதுதானே?"

அத்தை மெஷினை நிறுத்திவிட்டு முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"தப்பு அவனோடதுதான் கண்ணு. பூட்டு யார் கதவுல விழுந்திருக்கும், சொல்லு."