நானூற்றில் ஒரு கன்று

"போன மாசம் கவர்ல முடி குடுத்து அனுப்புனீங்களே, அந்தக் கன்னுக்குட்டி எங்கேம்மா?" கால்நடை மரபணு ஆராய்ச்சியாளர் ஷாலினி, ஜீப்பை விட்டு இறங்கும்போதே கேட்டாள்.

"கொட்டாயில, தாய் பக்கத்துல நிக்குதுங்க" என்றாள் அமலோற்பவமேரி. "ஏன் மேடம்?"

"நானூறு கன்னுங்க முடியைச் சோதிச்சோம். கத்திரி வெயில்லயும் பால் குறையாத மரபணு இது ஒண்ணுக்குத்தான் இருக்கு. பத்து வருஷமா இதைத்தான் தேடிக்கினு இருக்கோம். இன்னிக்கே பண்ணைக்குக் கொண்டு போகணும். முரண்டு பண்ணுமா?"

"அதெல்லாம் பண்ணாதுங்க. நிக்க வெச்ச எடத்துல நிக்கும்."

கொட்டகை இருட்டாக இருந்தது. பசு கன்றின் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. ஷாலினி ஆசையாகக் கன்றின் வயிற்றைத் தடவினாள். தையல் பிரிந்த இடத்திலிருந்து வைக்கோல் விரலில் குத்தியது.

"பொறந்த மூணாம் நாளே போயிடுச்சுங்க. தோல்ல வைக்கோல் அடைச்சு நிறுத்துனாத்தான் மாடு பால் விடுது. நீங்க முடிதானே கேட்டீங்க?"

"செத்துப்போச்சா?" ஷாலினி கத்திவிட்டாள்.

அமலோற்பவமேரி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "மெதுவா பேசுங்க மேடம். தாய்க்கு இன்னும் தெரியாது."

பசு நக்குவதை நிறுத்தியிருந்தது.