மூக்குக்கு எடை

கணவர் மாடல் விமானத்தைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

உள்ளே எதுவும் உருளவில்லை.

அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"மூக்குல என்னடி வெச்சே? கருங்கல்லை முழுங்கின மாதிரி கனக்குது."

"வைக்கலைன்னா வால்ல உட்கார்ந்துடும்ங்க. போன கண்காட்சியில பட்டது போதாதா?"

போதும். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்க, பின்பக்கத்தைத் தரையில் பதித்து அவருடைய விமானம் குந்தியிருந்ததைப் பார்த்து மாடல் சங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அன்றிலிருந்து மூக்குக்குள் எடை வைத்து, மாவு போல் பிசைந்த பட்டி பூசி, இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுவது அவள் வேலை. பிளாஸ்டிக் சக்கரக் கால்கள் வளைந்துவிடும் என்பதால் அவற்றை உலோகத்தில் வார்ப்பதும் அவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் பல் செட் செய்யும் கூடத்தில் இருந்தவள். அச்சு எடுப்பதும் உருக்கி ஊற்றுவதும் கையோடு பிறந்த மாதிரி வரும்.

அந்த வேலையை அவர் நிறுத்தினார். அப்புறம் கைபேசி. அப்புறம் வாசல் கதவு.

பூட்டுக்கு உள்ளே ஒரு துவாரம், வெளியே ஒரு துவாரம். சாவி ஒன்றே ஒன்று. அது அவர் சட்டைப் பையில்.

"ஊர் கெட்டுக் கிடக்கு. உன் நல்லதுக்குத்தான்."

யாரோ சொல்லி ஒரு தடவை போலீஸ்கூட வந்தது. அலமாரியில் இருந்த விமானங்களை வாய் பிளந்து பார்த்தது. காப்பி குடித்தது. போய்விட்டது.

அலமாரியில் இருப்பவை எல்லாம் இங்கிலாந்தின் ஜெட்கள். ஒன்றிரண்டு செய்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அரசாங்கம் கை கழுவியவை. வருகிறவர்களிடம் அவர் சொல்லாமல் விடமாட்டார்: "முன்மாதிரின்னா என்னங்க? ஒரே ஒரு தடவை பறந்து காட்டினாப் போதும்."

வீட்டிலிருந்தே வேலை செய்பவர். நாள் முழுக்க வெளியே இருப்பது கண்காட்சி நாளில் மட்டும்.

இன்று கண்காட்சி.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்த் தையல்கடை வாசலில் அவள் கூடப் பிறந்த அக்கா நின்றிருந்தாள், தைக்கக் கையில் ஒரு துணியும் இல்லாமல். போன வாரம் அவர் குளிக்கும்போது இதே ஜன்னலுக்குக் கீழே வந்து கேட்டவள்.

"எப்படிடி வெளியே வருவே?"

"நீ வந்து நில்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

கணவர் பஞ்சு பரப்பிய பெட்டிக்குள் விமானத்தை இறக்கினார். டி.எஸ்.ஆர்-2. வெள்ளை வெளேரென்று, கொக்கு மாதிரி நீண்ட மூக்கோடு.

அது மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. போனால் அவள் இங்கேயேதான்.

மூடியைப் போட்டார். வால் பக்கம் அவர் கண் போகவே இல்லை.

பெட்டிக்குக் கயிறு எடுத்தார்.

அவள் பெட்டியருகே வந்தாள்.

"என்னங்க, வால்ல நம்பர் நேரா ஒட்டியிருக்கேனான்னு ஒரு தடவை பாத்துடுங்க. அங்க போய் என்னைத் திட்டாதீங்க."

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். குனிந்தார். முகம் மாறியது.

"220-ஆ? புத்தி எங்க மேயப் போச்சு? பறந்தது 219-தான்டி. 220 தரையை விட்டுக் கிளம்பவே இல்ல. இதைக் கொண்டு போனா அங்க இருக்கிற சின்னப் பசங்ககூட என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க."

"ரெண்டு நம்பரும் ஒரே தாள்ல இருந்துதா, கை மாறிப் போச்சுங்க."

விமானத்தை மேசையில் வைத்தார். மூன்று சக்கரத்திலும் சமர்த்தாக நின்றது. அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்துப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டார்.

"நான் வர்றதுக்குள்ள மாத்தி வை."

"நீங்க வரும்போது மாறியிருக்கும்ங்க."

கதவு மூடிக்கொண்டது. சாவி திரும்பியது. படிகளில் செருப்புச் சத்தம். பிறகு கார்ச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அவள் விமானத்தை எடுத்து மேசை விளிம்பில் ஓங்கி அடித்தாள்.

மூக்கு நுனி உடைந்து தெறித்தது. காய்ந்த பட்டியை நகத்தால் கெல்லினாள். எடை உள்ளங்கையில் விழுந்தது.

சமையல் டப்பா, தலையணை உறை எல்லாவற்றையும் துழாவுகிற மனிதர், தன் விமானத்தை மட்டும் சந்தேகப்பட்டதில்லை.

இந்த மாடலைக் கூரியர்காரர் கொண்டுவந்த அன்று அவருக்கு இரண்டு கையிலும் பசை. "பையில சாவி இருக்கு, எடுத்துத் திற" என்றார், தலை நிமிராமல். மேசையிலிருந்து வாசலுக்குப் போகிற தூரம் போதுமாக இருந்தது அவளுக்கு. ஏற்கெனவே கையில் பட்டி உருண்டை. ஒரு பக்கம் ஒரு அழுத்து, மறு பக்கம் ஒரு அழுத்து. பல் அச்சைவிடச் சுலபம். சாவி எச்சில் விடாது.

சக்கரக் கால்களுக்கு உருக்கிய அதே உலோகத்தில் வார்த்த சாவி. மிருதுவானது. அதிகம் தாங்காது.

ஒரே ஒரு தடவை திரும்பினால் போதும்.

துவாரத்தில் நுழைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு திருகினாள்.

பூட்டு திறந்தது. அதே திருகலில் சாவி முறிந்தது. தலை அவள் விரலில், பல் பூட்டுக்குள். இனி அந்தக் கதவை யாரும் பூட்ட முடியாது.

படியில் கால் வைக்குமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

எடை போன 220, மேசை மேல் வாலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியிருந்தது.