கத்தியை எடுத்த நேரம்

நாற்காலியைப் பின்னால் சாய்த்து, டெர்ரலின் தாடைக்குக் கீழே சோப்பு நுரையைத் தடவினான் லூசியன்.

டெர்ரல் கண்ணை மூடிக்கொண்டான். நேற்றைய பாஸ்கெட்பால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்கு இழுத்துவிட்டது. முப்பத்துநாலு வயதில் முட்டி வலி படுத்து எழுந்தும் ஆறுவதில்லை. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

சனிக்கிழமைக் காலை, நியூ ஆர்லியன்ஸில், முடிதிருத்தும் கடையில் அது நடக்கிற காரியமா?

"ரெண்டு நாளா ரேடியோல ஓடுதே, கேட்டீங்களாப்பா?" காத்திருந்தவர்களில் ஒருத்தன் ஆரம்பித்தான். "நம்ம ஊரு பாஸ்கெட்பால் டீம்ல ஒரு பெரிய ஆளு. பொண்ணுங்க பக்கமே திரும்ப மாட்டானாம். பேரைச் சொல்லல. தோள்ல ஒரு பை மாட்டிக்கிட்டுத் திரிவான்னு மட்டும் சொன்னாங்க."

எல்லோர் கண்ணும் ஆணியில் தொங்கிய டெர்ரலின் தோல்பைக்குப் போயிருக்கும். பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது.

லூசியன்தான் முதலில் சிரித்தான். "அட போடா! பொண்ணுங்க தொல்லை தாங்காம வருஷத்துக்கு ரெண்டு தடவ போன் நம்பரை மாத்தறவன்டா இவன். போன மாசம் ஒருத்தி இந்தக் கடைக்கே வந்து நின்னா. நான்தான் இவனைப் பின்வாசல் வழியா அனுப்பி வெச்சேன்."

அப்படி ஒருத்தி வரவே இல்லை. ஆனாலும் கடை விழுந்து விழுந்து சிரித்தது. லூசியன் வாயைத் திறந்தால் அப்படித்தான்.

டெர்ரலும் சிரித்துவைத்தான். இந்தச் சிரிப்புக்கென்று உடம்பில் ஒரு தசை இருக்கிறது. பல வருஷமாக அதற்கு ஓய்வே கிடையாது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. டிராம் ஓட்டும் ஹோசியா. வேலைச் சட்டையோடு எழுந்து நாற்காலி அருகே வந்து நின்றார்.

"தம்பி, நான் விளையாட்டுக்குக் கேக்கல. நேத்து எம்பையன் ஸ்கூல்ல அடிதடி பண்ணிட்டு வந்திருக்கான். அவன் போட்டிருந்த ஜெர்சி உன் நம்பர். 'அந்த மாதிரி ஆளோட சட்டையப் போட்டிருக்கியே'ன்னு ஒருத்தன் பிடிச்சு இழுத்துக் கிழிச்சுட்டான். உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. வீட்டுக்குப் போயி அவங்கிட்ட சொல்லிடறேன்."

லூசியனின் சவரக்கத்தி அப்போது டெர்ரலின் தொண்டையில் இருந்தது. கத்தி இருக்கும்போது வாய் திறக்க வேண்டியதில்லை. அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று டெர்ரல் வேண்டிக்கொண்டான்.

இந்தக் கேள்வி அவனுக்குப் புதிதல்ல. நிருபர்கள் கேட்டிருக்கிறார்கள். பயிற்சியாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்கிறார். "பந்தைப் பத்திக் கேளுங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுவான். ஆமாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வந்ததில்லை. ஆனால் இல்லை என்றும் அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. சிறுவயதில் அவன் சுவரில் படம் ஒட்டிவைத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்த ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றியும் இதே பேச்சு கிளம்பியது. மறுநாளே அவர் டிவியில் வந்து, "நான் ஆம்பள, என்னைப் போய் இப்படிக் கேக்கறீங்களே" என்று சிரித்தார். டெர்ரல் அன்று சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டான். ஏன் என்று அம்மாவிடம் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் என்றைக்கும் சிரிக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டான்.

லூசியன் கத்தியை எடுத்தான். அதைத் துண்டில் மெதுவாகத் துடைத்தபடி நின்றான். இந்த முறை அவன் கிண்டல் எதுவும் சொல்லவில்லை.

கடையில் இருந்த எல்லோரும் காத்திருந்தார்கள்.

டெர்ரலுக்கு அலுப்பாக இருந்தது. வேறொன்றும் இல்லை, வெறும் அலுப்பு.

"இல்லண்ணே," என்றான். "அதெல்லாம் பொய். நான் ஆம்பள. என்னைப் போய் இப்படிக் கேக்கறீங்களே." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

ஹோசியாவின் கண் கலங்கிவிட்டது. டெர்ரலின் தோளை அழுத்திப் பிடித்தார். "எனக்குத் தெரியும் தம்பி. கர்த்தர் உன்னை நல்லா வெச்சிருப்பாரு. எம்பையன் இன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குவான்."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" லூசியனின் குரல் மறுபடி கடையை நிறைத்தது. மீதி நுரையை மழித்தான். ஹோசியா நீட்டிய போனை வாங்கி இரண்டு பேரையும் சேர்த்துப் படம் எடுத்தான். "சிரிடா, பையன் பாக்கப் போறான்," என்று டெர்ரலை அதட்டினான்.

பிறகு வழியனுப்பக் கார் வரைக்கும் வந்தான்.

ஜன்னலில் குனிந்தபோது அவன் முகத்தில் அதே சிரிப்பு. கடைக் கண்ணாடி வழியாக உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாச் சொன்ன," என்றான். "ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்."

டெர்ரல் தோல்பையைப் பக்கத்து சீட்டில் வைத்தான்.

"பீன்ஸ் வேகவெச்சு அடுப்பு மேலேயே வெச்சிருக்கேன். சூடு பண்ணிக்க. இன்னிக்கு ராத்திரி நான் எங்கக்கா வீட்டுலயே தங்கிக்கறேன்."

சேர்ந்து வாழும் இந்த ஒன்பது வருஷத்தில், டெர்ரல் ஊரில் இருந்த எந்த நாளிலும் லூசியன் அவர்கள் வீட்டைவிட்டு வேறெங்கும் படுத்ததில்லை.

லூசியன் காரின் கூரையைத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

"அடுத்து யாருப்பா?" என்ற அவன் குரல் தெரு வரைக்கும் கேட்டது.