வெட்டிய ஓரம்

இழுத்தாள். அக்கா வந்தாள்.

முதலில் மணிக்கட்டு. பிறகு வளையல்கள். அப்புறம், முகமெல்லாம் சிரிப்பாக, தாரணி அக்கா முழுசாக வந்து நின்றாள்.

தங்கை மவுஸிலிருந்து சட்டென்று கையை எடுத்தாள்.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்றுதான் ஓரத்தைப் பிடித்தாள். வெட்டும் கருவியை அமுக்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. நேற்று அதே கருவியால்தான் அக்காவை வெட்டினாள். கறுப்புக் கோட்டை உள்ளே தள்ளத் தள்ள அக்கா ஒடுங்கிக்கொண்டே போய்க் காணாமல் போனாள். வேலை முடிந்தது என்று சேமித்துவிட்டுத் தூங்கப் போனாள்.

போனவள் எங்கேயும் போகவில்லை. கோட்டுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

மதிய இடைவேளை. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். திரையில் அவளுடைய பயோடேட்டா. பெயர், நட்சத்திரம், படிப்பு, உயரம்.

உடன்பிறந்தோர்: இல்லை.

அப்பா சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்தாள். அந்த வரியைச் சொல்லும்போது அப்பாவின் குரல் துளியும் மாறவில்லை. அக்கா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்றே ஆல்பங்களை வாசலில் போட்டுக் கொளுத்தினவர். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்கா என்ற சொல்லே புழங்கவில்லை.

ஊருக்குத்தான் வாய் இருக்கிறதே. விஷயம் காதில் விழுந்ததும் வந்த வரன்கள் எல்லாம் வந்த வழியே திரும்பின.

இது பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பம். நாமக்கல்லில் நடந்த சங்கதி அங்கே எட்டியிருக்காது. காலையில் சவரம் செய்துகொள்ளும்போது, வெகுநாளைக்குப் பிறகு, அப்பா பாட்டு முணுமுணுத்தார். அந்தப் பாட்டை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஃபைல் காலையிலேயே மாப்பிள்ளைக்குப் போய்விட்டது.

நவநீதன். சென்னையில் விளம்பரக் கம்பெனியில் டிசைனர். நாள் முழுக்கப் படங்களை வெட்டி ஒட்டுவதே பிழைப்பு. அனுப்பியதுதான் அனுப்பினாள், போயும் போயும் இப்படி ஒருவனுக்கா?

அவசரமாகத் தேடினாள். வேர்டில் வெட்டிய படம் மற்றவர்களுக்குத் தெரியுமா?

தெரியும் என்றது முதல் பக்கம். வெட்டிய பகுதி மறைந்துதான் இருக்கும், அழியாது. ஓரத்தை இழுத்தால் யார் வேண்டுமானாலும் மீட்கலாம். எழுதிய மகராசன் கடைசியில் ‘பயனுள்ள குறிப்பு!’ என்று ஆச்சரியக்குறி வேறு போட்டிருந்தான்.

ஓரத்தை மறுபடி உள்ளே தள்ளினாள். அப்போதுதான் பார்த்தாள். படத்தில் அவள் தோளில் அக்காவின் நான்கு விரல்நுனிகள். நேற்று புடவை மடிப்பு என்று நினைத்து விட்டுவிட்டாள்.

தொழில் தெரிந்த கண்ணுக்கு, ஓரத்தை இழுத்துப் பார்க்க அது போதும். அதை வெட்டினால் அவள் தோளும் சேர்ந்து போகும்.

வாட்ஸப்பைத் திறந்தாள். ஃபைலின் கீழே இரண்டு நீல டிக். ‘எல்லோருக்கும் அழி’யை அமுக்கினாள். அவன் அதற்குள் இறக்கி வைத்திருந்தால்? அதற்கு எந்தப் பக்கத்திலும் மருந்து இல்லை.

மேலும் தேடினாள். கிடைத்தது. படத்தைச் சுருக்கவும். அங்கே ஒரு சிறு கட்டம்: வெட்டிய பகுதிகளை நீக்கவும். டிக் செய்து சேமித்தால் தீர்ந்தது. பிறகு மீட்க முடியாது.

சுட்டி கட்டத்தின் மேல் நின்றது.

சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்த படம். அன்று அவளுக்குப் புடவை கட்டிவிட்டு, பூ வைத்துவிட்டு, “நேரா நில்லுடி” என்று தோளில் கை போட்டவள் அக்கா. அதனால்தான் அந்தப் படத்தில் அவள் அத்தனை அழகு. அப்பா கண்ணில் பட்டுவிடும் என்று நேற்றே போனிலிருந்து அதை அழித்திருந்தாள்.

அக்கா இருப்பது இனி இந்த ஃபைலில் மட்டும்தான்.

அப்பாவின் பாட்டு நினைவுக்கு வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். சேமித்தாள். ‘சின்னத் திருத்தம், இதை வெச்சுக்குங்க’ என்று எழுதிப் புது ஃபைலை அனுப்பினாள்.

டிக் நீலமானது. பதில் இல்லை. சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

போன் அடித்தது. அப்பா.

“கண்ணு, மாப்பிள்ளைப் பையன் கூப்புட்டாரு. ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்களாமா.”

அவள் டப்பாவைக் கையில் எடுத்தாள்.

“நீ என்னமோ புதுசா அனுப்புனியாமா? அது வேண்டாமாமா. காலையில வந்ததையே வெச்சுக்கறேன், அதுலதான் குடும்பம் முழுசா இருக்குதுன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்குல. என்ன கண்ணு அது?”

“சிரிச்சுட்டுச் சொன்னாராப்பா?”

“அதை யாரு கவனிச்சா?”

அப்பா வைத்துவிட்டார். பின்னால் பாட்டு கேட்டதோ, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ.

குத்திக் காட்டினானா? அக்காவோடு சேர்த்தே வா என்றானா? இரண்டில் எது என்று ஞாயிற்றுக்கிழமை வரை தெரியாது.

கறுப்புக் கோட்டைப் பிடித்தாள்.

இழுத்தாள். யாரும் வரவில்லை.

வெறும் வெள்ளை. தோளில் மட்டும் அந்த நான்கு விரல்நுனிகள்.

சாப்பிடப் போனவர்கள் பேசிக்கொண்டே படியேறி வரும் சத்தம் கேட்டது. போனை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அழிக்க மனம் வருவதற்குள் அனுப்பிவிட்டாள்.

‘அந்தப் பழைய ஃபைலை எனக்கு அனுப்ப முடியுங்களா? எங்க அக்கா போட்டோ வேற இல்லைங்க.’